பழியில் ஒரு பங்கு



அறக்கட்டளைச் சொற்பொழிவுகளில் ஒரு நூலையோ ஓர் ஆளுமையையோ எடுத்துப் பேசுவது வழக்கம். நான் குடிமக்கள் செய்யும் ஒரு செயலை எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு நாட்டின் ஆட்சியில் இருப்பவர் வேறொரு நாட்டை, அதன் மக்களை, அதன் தலைவரை இழிவாகப் பேசிவிடுகிறார். பேசியவர் வருத்தம் தெரிவிப்பதில்லை. அவருடைய நாட்டில் பிறந்த யாரோ ஒருவர், அவர் எழுத்தாளராக இருக்கலாம், பாடகராக இருக்கலாம், கல்லூரி மாணவராக இருக்கலாம், அந்த அயல்நாட்டு மக்களைப் பார்த்து “எங்களை மன்னியுங்கள்” என்கிறார். அப்படிக் கேட்கும் அதிகாரத்தை அவருக்கு யாரும் கொடுக்கவில்லை. அவர் கேட்டதால் எந்த ஒப்பந்தமும் மாறப்போவதில்லை. ஆனாலும் கேட்கிறார். ஏன் கேட்கிறார்? அப்படிக் கேட்பதற்கு மதிப்பு உண்டா? இந்த இரண்டு கேள்விகளைத்தான் உங்கள் முன் வைக்க வந்திருக்கிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மதிப்பு உண்டு, பெரிய மதிப்பு உண்டு. ஆனால் அதற்கு இரண்டு நிபந்தனைகள் இருக்கின்றன. மன்னிப்புக் கேட்பவர் அந்தப் பழியில் தமக்கும் ஒரு பங்கு உண்டு என்று ஏற்க வேண்டும். அயல்நாட்டில் சொன்ன சொல்லைச் சொந்த நாட்டில் செயலாகத் தொடர வேண்டும். இந்த இரண்டும் இல்லாவிட்டால் அது வெறும் நற்பெயர் தேடலாக முடிந்துவிடும்.

மாலத்தீவு, 2024

நமக்கு மிக அருகில் நடந்ததிலிருந்து தொடங்குகிறேன். 2024 ஜனவரி முதல் வாரத்தில் பிரதமர் நரேந்திர மோடி லட்சத்தீவுக்குச் சென்று, கடற்கரையில் எடுத்த படங்களைச் சமூக ஊடகத்தில் வெளியிட்டார். மாலத்தீவின் துணை அமைச்சர்கள் மூவர் அவரையும் இந்தியாவையும் இழிவுபடுத்தி எழுதினார்கள். மாலத்தீவு அரசு ஜனவரி 7 அன்று மூவரையும் இடைநீக்கம் செய்தது. அவை அவர்களுடைய சொந்தக் கருத்துகள், அரசின் கருத்துகள் அல்ல என்று அறிக்கை விட்டது. இந்தியாவில் மாலத்தீவைப் புறக்கணிக்க வேண்டும் என்ற குரல் எழுந்தது. விமானச் சீட்டுகளும் விடுதி முன்பதிவுகளும் ரத்தாயின.

சில நாட்களில் சீனாவிலிருந்து திரும்பிய அதிபர் முகமது முய்சு, நாங்கள் சிறிய நாடாக இருக்கலாம், ஆனால் அதனாலேயே எங்களை மிரட்டும் உரிமை யாருக்கும் வந்துவிடாது என்ற பொருளில் பேசினார். எந்த நாட்டின் பெயரையும் அவர் சொல்லவில்லை. ஒரு சிறிய நாடு அப்படிப் பேசுவதில் நியாயம் உண்டு. அந்நியப் படையினர் தம் மண்ணில் இருக்கக்கூடாது என்று கேட்பதும் அதன் உரிமைதான். ஆனால் இந்த உரிமைகளை நிலைநாட்ட அண்டை நாட்டுத் தலைவரை இகழ வேண்டிய தேவை எங்கே வந்தது? இந்தக் கேள்வியை மாலத்தீவு மக்களே கேட்டார்கள். அங்குள்ள சுற்றுலாத் துறை அமைப்புகள் அந்தச் சொற்களை வெளிப்படையாகக் கண்டித்தன. துன்பம் வந்த நேரங்களில் முதலில் உதவிக்கு வந்த நாடு இந்தியா என்பதை நினைவூட்டின. 1988 நவம்பரில் கூலிப்படையினர் தலைநகர் மாலேயைக் கைப்பற்ற முயன்றபோது இந்தியப் படை போய்த் தடுத்தது. 2014 டிசம்பரில் மாலேயின் கடல்நீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் தீப்பிடித்துக் குடிநீர் இல்லாமல் போனபோது விமானங்களிலும் கப்பல்களிலும் தண்ணீர் போனது.

மார்ச் மாதம் முன்னாள் அதிபர் முகமது நஷீது இந்தியா வந்தார். அன்று அவர் ஆட்சியில் இல்லை. நடந்ததற்கு மாலத்தீவு மக்கள் வருந்துகிறார்கள், இந்தியர்கள் விடுமுறைக்கு எங்கள் நாட்டுக்கு வர வேண்டும், எங்கள் விருந்தோம்பலில் எந்த மாற்றமும் இருக்காது என்று செய்தியாளர்களிடம் சொன்னார்.

இது சுற்றுலா வருமானத்துக்காகக் கேட்ட மன்னிப்பு என்று அப்போது சிலர் சொன்னார்கள். 2023இல் மாலத்தீவுக்கு மிக அதிகமான பயணிகளை அனுப்பிய நாடு இந்தியா. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் போனார்கள். 2024இல் அது சுமார் ஒரு லட்சத்து முப்பதாயிரமாகச் சரிந்தது. ஆகவே அந்தக் குற்றச்சாட்டில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் அந்தச் சரிவின் சுமை யார் தலையில் விழுந்தது என்று பாருங்கள். அந்த வார்த்தைகளை எழுதியவர்கள் தலையிலா? படகு ஓட்டுகிறவர், விடுதியில் அறை துடைக்கிறவர், சிறிய தீவுகளில் விருந்தினர் இல்லம் நடத்துகிற குடும்பம், இவர்கள் தலையில் விழுந்தது. ஆள்பவர்களின் வாய்க்கு மக்களின் பிழைப்பு விலையாகிறபோது, அந்த மக்களுக்காக ஒருவர் பேசுவதில் இழிவு ஒன்றும் இல்லை.

பிறகு அரசுகள் தம் வழியில் சமாதானமாயின. 2024 அக்டோபரில் முய்சு டெல்லிக்கு வந்தார். 2025 ஜூலையில் மாலத்தீவின் அறுபதாம் சுதந்திர நாள் விழாவுக்கு மோடி விருந்தினராகப் போனார். நஷீதின் வார்த்தைகளால்தான் இது நடந்தது என்று நான் சொல்லமாட்டேன். அரசுகளுக்குத் தம் நலன் தெரியும். ஆனால் ஜனவரிக்கும் அக்டோபருக்கும் நடுவே ஒரு கசப்பான காலம் இருந்தது. அந்தக் காலத்தில் மாலத்தீவு என்றாலே நம்மை இகழ்கிறவர்களின் நாடு என்று ஓர் இந்திய இளைஞர் முடிவுகட்டிவிடாமல் இருக்க, அந்த நாட்டிலிருந்து வேறொரு குரலும் கேட்க வேண்டியிருந்தது. அந்தக் குரல் கேட்டது.

பிரேசில், 2019

அடுத்து ஒரு தனிமனிதருக்கு நேர்ந்த அவமதிப்பு. 2019 ஆகஸ்டில் அமேசான் காடுகள் எரிந்துகொண்டிருந்தன. பிரான்ஸ் அதிபர் இம்மானுவேல் மக்ரோன் அதை உலகத்தின் பிரச்சினையாக முன்வைத்தார். ஜி7 நாடுகளின் மாநாடு அப்போது பிரான்ஸின் பியாரிட்ஸ் நகரில் நடந்தது. பிரேசில் அதிபர் ஜெயிர் போல்சனாரோ, இது தம் நாட்டின் இறையாண்மையில் தலையிடுவது என்று சினந்தார். அதுவரை அது கொள்கைச் சண்டை. அவர் பக்கம் வாதிடவும் இடமிருந்தது. தென்னமெரிக்கக் காட்டின் தலைவிதியை ஐரோப்பாவில் கூடிப் பேசுவதில் பழைய காலனிய வாடை அடிக்கிறது என்று கருதியவர்கள் பிரேசிலில் பலர் உண்டு.

அந்த நேரத்தில் போல்சனாரோவின் ஆதரவாளர் ஒருவர், மக்ரோனின் மனைவி பிரிஜித்தின் படத்தையும் போல்சனாரோவின் மனைவியின் படத்தையும் அருகருகே வைத்து, வயதையும் தோற்றத்தையும் ஏளனம் செய்து ஃபேஸ்புக்கில் ஒரு பதிவு போட்டார். அதற்குக் கீழே அதிபரின் கணக்கிலிருந்தே சிரிப்புடன் ஒரு பதில் வந்தது. காட்டைப் பற்றிய வாதம், அதில் பங்கே இல்லாத ஒரு பெண்ணின் முகத்தைப் பற்றிய கேலியாகக் கீழே இறங்கியது. பிரேசில் பெண்கள் தங்கள் அதிபரை நினைத்து வெட்கப்படுவார்கள் என்று நினைக்கிறேன் என்றார் மக்ரோன்.

அவர் சொன்னதற்கு முன்பும் பின்பும் பிரேசில் மக்கள் தாங்களே பேசினார்கள். “மன்னியுங்கள் பிரிஜித்” என்று போர்த்துக்கீசிய மொழியில் ஆயிரக்கணக்கானோர் எழுதினார்கள். இவர் எங்களுக்காகப் பேசவில்லை என்று பெண்கள் எழுதினார்கள். எங்கள் நாட்டு ஆண்கள் எல்லோரும் இப்படி இல்லை என்று ஆண்கள் எழுதினார்கள். சில நாட்கள் கழித்து ஒரு பொது நிகழ்ச்சியில் பிரிஜித் மக்ரோன், பிரேசில் மக்களுக்கு அவர்களுடைய மொழியிலேயே நன்றி சொன்னார்.

எழுத்தாளர் பாலோ கொயலோவைத் தமிழ் வாசகர்கள் அறிவார்கள். அவர் பிரெஞ்சு மொழியில் ஒரு காணொளி வெளியிட்டு, தம் அதிபர் பிரான்ஸைப் பற்றியும் அதன் அதிபரையும் அவர் மனைவியையும் பற்றியும் பேசியதற்காகப் பிரெஞ்சு நண்பர்களிடம் மன்னிப்புக் கேட்டார். கொயலோ 1974இல் பிரேசிலின் ராணுவ ஆட்சியால் சிறைபிடிக்கப்பட்டுச் சித்திரவதைக்கு ஆளானவர். போல்சனாரோ அந்த ராணுவ ஆட்சியைப் புகழ்ந்து பேசிவந்தவர். அந்த மனிதர் செய்த குற்றத்துக்கு இவர் ஏன் மன்னிப்புக் கேட்க வேண்டும்? தம் நாட்டின் அதிகாரத்தால் அடிபட்ட ஒருவர், “அதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தால் உலகத்தில் யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். அவர் அப்படிப் போகவில்லை. என் உரையின் மையம் இதுதான்.

உதறுவதும் ஏற்பதும்

தலைவர் தவறாகப் பேசும்போது மனசாட்சியுள்ள குடிமக்கள் முன்னால் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, “இவர் என் தலைவர் அல்லர்” என்று உதறிவிடுவது. மற்றொன்று, “இவர் எங்கள் தலைவர்தான், அதனால் உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறோம்” என்று ஏற்பது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். இரண்டுக்கும் இடையே பெரிய தூரம் இருக்கிறது. உதறுகிறவர் தம்மைக் காப்பாற்றிக்கொள்கிறார். ஏற்கிறவர் அடிபட்டவரின் பக்கம் போய் நிற்கிறார்.

நம் தெருக்களில் இதைப் பார்த்திருப்போம். வீட்டுப் பெரியவர் கோபத்தில் பக்கத்து வீட்டாரை வாய்க்கு வந்தபடி பேசிவிடுவார். பொழுது சாய்ந்ததும் வீட்டிலிருந்து ஒருவர் அங்கே போய், “அவர் பேசினதை மனசுல வெச்சுக்காதீங்க” என்பார். “அவர் யாரோ, நான் யாரோ” என்று அவர் சொல்வதில்லை. அந்த வீட்டைச் சேர்ந்தவர் என்பதால்தான் அவர் போகிறார். அதனால்தான் அவர் சொல்வதைப் பக்கத்து வீட்டாரும் கேட்கிறார்கள்.

திருக்குறளில் நாணுடைமை என்ற அதிகாரம் பொருட்பாலில் இருக்கிறது. வெட்கம் என்பது தனிமனிதர் தமக்குள் வைத்துக்கொள்ளும் உணர்ச்சி என்று நாம் நினைக்கிறோம். வள்ளுவர் அதைச் சமூகத்தில் வாழ்வதற்கான பண்புகளின் வரிசையில் வைக்கிறார். அந்த அதிகாரத்தில் ஒரு குறள், தமக்கு வரும் பழிக்கு நாணுவதுபோலவே பிறருக்கு வரும் பழிக்கும் நாணுகிறவர்களை நாணத்தின் உறைவிடம் என்று உலகம் சொல்லும் என்கிறது. தன் தவறுக்கு வெட்கப்படுவது எல்லோருக்கும் இயல்பு. தான் செய்யாத தவறின் பழியிலும் ஒரு பங்கைத் தன்னுடையதாக எடுத்துக்கொள்வதற்கு வளர்ந்த மனம் வேண்டும். கொயலோவும் அந்தப் பிரேசில் பெண்களும் அதைத்தான் செய்தார்கள்.

இரண்டாம் உலகப்போர் முடிந்த குளிர்காலத்தில், 1945-46இல், ஜெர்மானியத் தத்துவ அறிஞர் கார்ல் யாஸ்பர்ஸ் ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தில் குற்றவுணர்வு குறித்துத் தொடர் உரைகள் ஆற்றினார். நாஜி ஆட்சியில் பேராசிரியர் பதவியை இழந்தவர் அவர். அவருடைய மனைவி யூதர். அவர் குற்றத்தை நான்காகப் பிரித்தார். சட்டத்தின் முன் வரும் குற்றம், அரசியல் குற்றம், ஒழுக்கக் குற்றம், மனிதர் என்ற முறையில் எல்லோருக்கும் உள்ள பொறுப்பிலிருந்து வரும் குற்றம். முதல் வகை, செய்தவரை மட்டுமே சேரும். ஒரு மக்களினம் முழுவதையும் குற்றவாளி என்று கூண்டில் ஏற்ற முடியாது. ஆனால் அரசியல் பொறுப்பிலிருந்து குடிமக்கள் யாரும் தப்ப முடியாது என்றார் அவர். எப்படி ஆளப்படுகிறோம் என்பதில் ஒவ்வொருவருக்கும் பங்கு உண்டு. எதிர்த்து வாக்களித்தவரும் அந்த அரசின் பாஸ்போர்ட்டில்தான் பயணம் செய்கிறார்; அந்த அரசின் சாலையில்தான் நடக்கிறார்.

இந்த வகைப்பாடு நமக்கு மிகவும் உதவும். மன்னிப்புக் கேட்கும் குடிமகன் தன்னைக் குற்றவாளி என்று சொல்லிக்கொள்வதில்லை. அவன் தன் பொறுப்பை ஒப்புக்கொள்கிறான்.

மலிவான மன்னிப்பும் விலை கொடுத்ததும்

எல்லா மன்னிப்புகளும் ஒரே எடை கொண்டவை அல்ல. 2004 நவம்பரில் ஜார்ஜ் புஷ் இரண்டாம் முறை அமெரிக்க அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 2002 ஜனவரியில் ஈரான், இராக், வடகொரியா மூன்றையும் தீமையின் அச்சு என்று நாடாளுமன்றத்தில் வருணித்தவர் அவர். அவருடைய பாதுகாப்பு அமைச்சர் டொனால்ட் ரம்ஸ்ஃபெல்ட், 2003இல் போரை எதிர்த்த பிரான்ஸையும் ஜெர்மனியையும் பழைய ஐரோப்பா என்று ஒதுக்கிப் பேசினார். தேர்தல் முடிவு வந்த சில நாட்களில் ஆயிரக்கணக்கான அமெரிக்கர்கள், உலகத்திடம் மன்னிப்புக் கேட்கும் அட்டைகளைக் கையில் பிடித்துப் படம் எடுத்து இணையத்தில் வெளியிட்டார்கள். ஒரு கல்லூரி மாணவர் தொடங்கிய முயற்சி அது. உலகின் பல மூலைகளிலிருந்தும், உங்களை மன்னித்துவிட்டோம் என்று பதில் படங்கள் வந்தன. மன்னிப்புக் கேட்கமாட்டோம் என்று அமெரிக்காவிலேயே எதிர்ப்புப் படங்களும் வந்தன.

அதில் நல்ல மனம் இருந்தது. ஆனால் ஒரு குறையும் இருந்தது. அந்த அட்டைகளில் பல, “பாதிப்பேர் முயன்று பார்த்தோம்” என்றே சொல்லின. தங்களை மற்ற பாதியிலிருந்து பிரித்துக் காட்டும் ஆசை அதில் மேலோங்கி நின்றது. குண்டு விழுந்த இராக் குடும்பத்துக்கும் அந்த அட்டைக்கும் இடையே நீண்ட தூரம். மன்னிப்பு, துன்பப்பட்டவரை நோக்கிப் போக வேண்டும். தன் நண்பர்கள் பார்த்துப் பாராட்டும்படி சொல்லப்படும் மன்னிப்பு, பாதி வழியில் நின்றுவிடுகிறது.

அதே அமெரிக்காவில் விலை கொடுத்தவர்களும் உண்டு. 2003 மார்ச் 10 அன்று, இராக் மீது படையெடுப்புத் தொடங்குவதற்குப் பத்து நாட்கள் முன்பு, டிக்ஸி சிக்ஸ் என்ற பெண்கள் இசைக்குழு லண்டனில் பாடியது. டெக்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த குழு. பாடகி நடாலி மேன்ஸ் மேடையிலேயே, இந்தப் போரை நாங்கள் விரும்பவில்லை, அமெரிக்க அதிபர் டெக்சாஸ்காரர் என்பதில் வெட்கப்படுகிறோம் என்று சொன்னார். செய்தி அமெரிக்காவுக்குப் போனது. வானொலி நிலையங்கள் அவர்களுடைய பாட்டை நிறுத்தின. அவர்களுடைய இசைத்தட்டுகளைக் குவித்து டிராக்டர் ஏற்றி நசுக்கினார்கள். கொலை மிரட்டல்கள் வந்தன. சில நாட்களில் மேன்ஸ், அதிபரின் பதவிக்கு மதிப்புக் குறைவாகப் பேசிவிட்டதாக வருத்தம் தெரிவித்தார். உலகத்திடம் வெட்கத்தைச் சொன்னதற்காகச் சொந்த நாட்டில் மன்னிப்புக் கேட்க வைக்கப்பட்டார். மூன்று ஆண்டுகள் கழித்து அந்த வருத்தத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். நடந்ததையே பாட்டாக்கி வந்த அவர்களுடைய ஆல்பத்துக்கு 2007இல் ஐந்து கிராமி விருதுகள் கிடைத்தன. ஆனால் தம் சொந்த இசை மரபின் வானொலியில் முன்பிருந்த இடம் அவர்களுக்குத் திரும்பவே இல்லை.

காட்டிக்கொடுப்பதா?

மேன்ஸ் மீது வைக்கப்பட்ட பெரிய குற்றச்சாட்டு, அவர் அதை வெளிநாட்டு மண்ணில் சொன்னார் என்பது. நாட்டுக்குள் எதுவும் பேசலாம், எல்லைக்கு வெளியே போனால் ஒரே குரலில் பேச வேண்டும் என்ற வாதம் எல்லா நாடுகளிலும் உண்டு. நம் நாட்டிலும் உண்டு. இதை எளிதாக ஒதுக்கிவிடக்கூடாது. அந்நியரின் கைதட்டலுக்காகத் தன் நாட்டை மட்டம் தட்டுகிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள்.

ஆனால் இந்த வாதம், இழிசொல்லும் வெளிநாட்டை நோக்கித்தான் போனது என்பதை மறந்துவிடுகிறது. அவமதிப்பு எல்லை தாண்டிப் போகலாம், அதற்கான வருத்தம் மட்டும் எல்லைக்குள் நிற்க வேண்டும் என்றால் அது என்ன நியாயம்? காயம் எங்கே பட்டதோ அங்கேதான் மருந்து போக வேண்டும். நாட்டின் மானம் என்பது அதன் தலைவரின் பிடிவாதத்தில் இல்லை. “இந்த நாட்டில் தவறு நடந்தால் தவறு என்று சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள்” என்று பிற நாட்டார் நம்புவதில் இருக்கிறது. அந்த நம்பிக்கையைக் காப்பாற்றுகிறவர் நாட்டுக்குத் தூதர். அவரைத் துரோகி என்பது பெரும் பிழை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மன்னிப்புக் கேட்பதால் அடுத்த நாடு சொல்வதையெல்லாம் ஏற்றுக்கொண்டதாக ஆகாது. கொயலோ அமேசானை மக்ரோனின் கையில் கொடுக்கவில்லை. நஷீது மாலத்தீவின் இறையாண்மையை விட்டுக்கொடுக்கவில்லை. வாதம் தொடரலாம், தொடரவும் வேண்டும். வாதத்தை நடத்தவே முடியாதபடி இடையில் வந்து விழுந்த அழுக்கை அகற்றுவதுதான் மன்னிப்பின் வேலை.

கையால் கேட்ட மன்னிப்பு

இதுவரை சொல்லுக்குச் சொல் என்ற அளவில் பேசினேன். சொல்லில் தொடங்கிப் பேரழிவில் முடிந்த ஒரு வரலாற்றுக்கு, குடிமக்கள் எப்படி மன்னிப்புக் கேட்டார்கள் என்பதையும் பார்ப்போம்.

லோதர் க்ரைசிக் ஜெர்மனியில் ஒரு நீதிபதி. நாஜி அரசு மனவளர்ச்சி குன்றியவர்களையும் நோயாளிகளையும் ரகசியமாகக் கொன்றுவந்ததை 1940இல் அறிந்தபோது, அதை எதிர்த்துச் சட்ட அமைச்சகத்துக்கு எழுதினார். அந்தத் திட்டத்தின் பொறுப்பாளர் மீது கொலைக் குற்றம் சாட்டினார். ஹிட்லரின் எழுத்துப்பூர்வமான உத்தரவைக் காட்டியபோதும் பணியவில்லை. பதவியிலிருந்து வெளியேற்றப்பட்டார். போருக்குப் பின் நான் எதிர்த்தவன் என்று சொல்லிக்கொள்ளும் முழு உரிமை அவருக்கு இருந்தது.

அவர்தான் 1958இல் பெர்லினில் கூடிய திருச்சபை மன்றத்தில் எழுந்து ஒரு வேண்டுகோளை வாசித்தார். ஜெர்மானியர்களாகிய நாம் போரைத் தொடங்கினோம், அளவற்ற துன்பத்தை விளைவித்தோம், நம்மால் துன்புற்ற மக்கள் தங்கள் நாட்டில் நம் கைகளால் ஏதாவது ஒரு நல்ல காரியம் செய்ய நம்மை அனுமதிக்கும்படி கேட்போம் என்பது அதன் சாரம். அவர்கள் சொல்லோடு நிற்கவில்லை. வேலை செய்ய அனுமதி கேட்டார்கள். அதை ஏற்பதா மறுப்பதா என்ற முடிவைத் துன்பப்பட்டவர்களிடமே விட்டார்கள்.

அடுத்த ஆண்டே ஜெர்மானிய இளைஞர்கள் நெதர்லாந்துக்கும் நார்வேக்கும் போனார்கள். நார்வேயின் வடகோடியில் ஃபின்மார்க் பகுதியை 1944இல் பின்வாங்கிய ஜெர்மன் படை எரித்திருந்தது. அங்கே கோகெல்வ் என்ற சிற்றூரில் ஒரு தேவாலயத்தைக் கட்டிக்கொடுத்தார்கள். ஜெர்மன் குண்டுவீச்சில் அழிந்த இங்கிலாந்தின் கோவன்ட்ரி தேவாலயத்தில் இடிபாடுகளைச் சீர்செய்தார்கள். 1961இல் இஸ்ரேலுக்குப் போனார்கள். இவர்களில் பலர் போர் நடந்தபோது குழந்தைகள். அவர்கள் கையில் ரத்தக்கறை இல்லை. இருந்தும் செங்கல் சுமந்தார்கள். அந்த வேண்டுகோளிலிருந்து பிறந்த அமைப்பின் இளைஞர்கள் இன்றும் முதியோர் இல்லங்களிலும் நினைவிடங்களிலும் பணிபுரிகிறார்கள். மன்னிப்பு எவ்வளவு உயரம் போக முடியும் என்பதற்கு நான் அறிந்த சிறந்த சான்று இதுதான்.

நம் பக்கம்

பிற நாட்டாரைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு நம்மைப் பற்றிப் பேசாமல் போவது நேர்மை ஆகாது. 2022 மே மாத இறுதியில் இந்தியாவின் ஆளுங்கட்சிச் செய்தித் தொடர்பாளர் ஒருவர் தொலைக்காட்சி விவாதத்தில் நபிகள் நாயகத்தைப் பற்றிப் பேசியது உலகெங்கும் முஸ்லிம்களைப் புண்படுத்தியது. ஜூன் 5 அன்று கத்தாரும் குவைத்தும் ஈரானும் இந்தியத் தூதர்களை அழைத்துக் கண்டனம் தெரிவித்தன. இந்தியா பகிரங்கமாக மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று கத்தார் வலியுறுத்தியது. அந்தத் தொடர்பாளரைக் கட்சி இடைநீக்கம் செய்தது. அவை உதிரி நபர்களின் கருத்துகள், இந்திய அரசின் கருத்துகள் அல்ல என்று இந்தியத் தூதரகம் விளக்கம் அளித்தது.

தூதரகத்தின் வேலை அது. அரசுகள் அப்படித்தான் பேசும். வளைகுடா நாடுகளில் லட்சக்கணக்கான இந்தியர்கள் வேலை செய்கிறார்கள். அவர்களில் தமிழர்கள் ஏராளம். ஒரே அறையில் தங்கி, ஒரே சட்டியில் சமைத்துச் சாப்பிடும் பல நாட்டுத் தொழிலாளர்களிடையே அந்த வாரம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேச வேண்டியிருந்தது. உதிரிகள் என்ற விளக்கம் அந்த அறைக்குப் போதாது. “அந்தப் பேச்சு தப்பு, எங்களுக்கும் வருத்தம்” என்று ஓர் இந்து நண்பர் தன் முஸ்லிம் நண்பரிடம் சொல்வதுதான் அங்கே பேசப்பட வேண்டிய சொல். அதைச் சொல்ல வெளியுறவுத் துறையின் அனுமதி தேவையில்லை.

படிக்கவும் பிழைக்கவும் உலகமெங்கும் போகிறவர்கள் நாம். இங்கே இருக்கும் மாணவர்களில் பலர் நாளை வேறு நாட்டு வகுப்பறையில் உட்காரப் போகிறீர்கள். உங்கள் நாட்டுத் தலைவர் ஒருவர் உங்கள் பக்கத்து இருக்கை மாணவரின் நாட்டைப் பற்றித் தகாத ஒன்றைச் சொல்லும் நாள் வரலாம். எந்தக் கட்சி ஆண்டாலும் வரலாம். அன்று உங்கள் கட்சிப் பற்று உங்கள் வாயை அடைத்துவிடக்கூடாது. பிடிக்காத தலைவருக்காக மன்னிப்புக் கேட்பது எளிது. நாம் வாக்களித்த தலைவர் தவறு செய்யும்போது கேட்பதுதான் கடினம். உண்மையான பங்கு அங்கேதான் தொடங்குகிறது.

மீதிப் பாதி

வெளியே கேட்ட மன்னிப்பு பாதி வேலைதான் என்று தொடக்கத்தில் சொன்னேன். மீதிப் பாதி வீட்டுக்குள் இருக்கிறது. அதற்கும் ஒரு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. 2018 ஜனவரியில் அமெரிக்க அதிபர் டொனால்ட் டிரம்ப், குடியேற்றம் பற்றிய ஒரு கூட்டத்தில் ஹைட்டியையும் ஆப்பிரிக்க நாடுகளையும் குறித்து, இந்த மேடையில் நான் சொல்ல விரும்பாத ஒரு சொல்லைப் பயன்படுத்தியதாகச் செய்தி வந்தது. அப்படிச் சொல்லவில்லை என்று அவர் மறுத்தார். கூட்டத்தில் இருந்த செனட்டர் ஒருவரோ, அவர் அப்படிச் சொன்னது உண்மை என்றார். அமெரிக்கா மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஆப்பிரிக்க ஒன்றியம் வலியுறுத்தியது. எங்கள் நாட்டையும் அப்படித்தான் கருதுகிறீர்களா என்று போட்ஸ்வானா அரசு அமெரிக்கத் தூதரை அழைத்துக் கேட்டது.

அப்போது, ஆப்பிரிக்க நாடுகளில் பணியாற்றிய 78 முன்னாள் அமெரிக்கத் தூதர்கள் ஒன்றுசேர்ந்து ஒரு திறந்த மடல் எழுதினார்கள். அதை அவர்கள் ஆப்பிரிக்காவுக்கு எழுதவில்லை. தங்கள் அதிபருக்கு எழுதினார்கள். அந்தக் கண்டத்தின் பன்மையையும் ஆற்றலையும் அங்கே தாங்கள் நேரில் கண்டதையும் எடுத்துச் சொல்லி, உங்கள் பார்வையை மாற்றிக்கொள்ளுங்கள் என்று கேட்டார்கள். அயல்நாட்டாரிடம் வருந்துவதைவிட இதற்குக் கூடுதல் துணிவு வேண்டும்.

தவறாகப் பேசும் தலைவர் எங்கிருந்தோ வந்தவர் அல்லர். அவருடைய பேச்சுக்கு உள்ளூரில் கைதட்டல் கிடைக்கிறது. அந்தக் கைதட்டலை நம்பித்தான் அவர் பேசுகிறார். அயலாரை இழிவாகப் பேசினால் ஓட்டு விழும் என்ற கணக்கு இருக்கும்வரை அந்தப் பேச்சு நிற்காது. அந்தக் கணக்கைப் பொய்யாக்குவது நம் கையில் இருக்கிறது. மேடையில் ஒருவர் அண்டை நாட்டு மக்களைப் பூச்சிகளோடும் விலங்குகளோடும் ஒப்பிட்டால், நாம் கைதட்டாமல் இருக்கலாம். அவர் நம் கட்சிக்காரர் என்றால் அவருக்கு ஒரு கடிதம் எழுதலாம். நம் வீட்டுப் பிள்ளைகள் அதே சொல்லைத் திரும்பச் சொல்லும்போது, அது ஏன் தவறு என்று உட்கார்ந்து விளக்கலாம். தேர்தல் நாளில் அதை நினைவில் வைத்து வாக்களிக்கலாம்.

ஆகவே உங்களிடம் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். மன்னிப்புக் கேட்க வேண்டிய நேரம் வந்தால், அவமதிக்கப்பட்டவரின் முகத்தைப் பார்த்துக் கேளுங்கள். உங்கள் நண்பர் கூட்டத்தைப் பார்த்துக் கேட்காதீர்கள். கேட்கும்போது “எங்கள்” என்ற பொறுப்போடு கேளுங்கள். “அவர்கள்” என்று விலகி நிற்காதீர்கள். கேட்டுவிட்டு ஊருக்குத் திரும்பியதும், அதே வார்த்தையை உங்கள் தலைவரிடமும் உங்கள் தெருவிடமும் சொல்லுங்கள்.

அரசுகள் ஒன்றோடொன்று சண்டையிடும், சமாதானமாகும். அது அவற்றின் இயல்பு. மக்களுக்கு இடையே உள்ள நம்பிக்கை அப்படி எளிதாக உடைந்து, எளிதாக ஒட்டுவது அல்ல. அதைக் காப்பது எந்த அமைச்சகத்தின் பொறுப்பும் அல்ல, நம் பொறுப்பு. அதை ஏற்க மனமுள்ள நூறு பேர் ஒரு நாட்டில் இருந்தாலும், அந்த நாட்டை ஒரு தலைவரின் வாயை வைத்து மட்டும் உலகம் எடைபோடாது. இந்த மன்றத்திலிருந்து அப்படிப்பட்ட சிலர் புறப்பட வேண்டும் என்று வாழ்த்துகிறேன்.